ரியாக்டில் எழுதிய செயலியை மொபைலுக்குக் கொண்டுபோக அயானிக், கபாசிட்டர் போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ரியாக்டில் (திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதிய இணையச் செயலி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. களத்துக்குப் போகும் ஆட்கள் இயந்திரங்களைப் பார்வையிட்டு, படம் எடுத்து, படிவம் நிரப்பி அனுப்புகிற வேலை. இதை ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் கொண்டுவர வேண்டும். அயானிக்கும் கபாசிட்டரும் எடுத்தால் சரியாக வருமா, இல்லை வேகத்துக்காக ஃப்ளட்டர் என்ற வேறொரு கருவியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேகம் என்ற சொல் உங்கள் கேள்வியில் நான்கு முறை வருகிறது. அதற்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் செயலியிலேயே கனமான திரையை ஒரு வெப்வியூ (செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவிப் பகுதி) தாங்குமா? இன்று கட்டுவது நான்கைந்து வருடம் கழித்தும் நம் கைக்குள் இருக்குமா? முதலாவதற்கு மூன்று நாளில் நீங்களே விடை கண்டுபிடிக்கலாம், இரண்டாவதற்குத்தான் யோசிக்க வேண்டும். நான் 2012 வாக்கில் ஃபோன்கேப்பில் தொடங்கி, கோர்டோவா, கபாசிட்டர் என்று பெரும்பாலும் வெப்வியூவுக்குள் ஓடும் இந்த வகைச் செயலிகளையே கட்டி வருகிறேன். நடுவில் ரியாக்ட் நேட்டிவில் இரண்டு, ஃப்ளட்டரில் ஒன்று. எல்லாமே படிவம், பட்டியல், படம், வரைபடம் சார்ந்தவை. விளையாட்டுச் செயலிகளில் கை வைத்ததில்லை, அதனால் கீழே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். அயானிக், கபாசிட்டர் இரண்டையும் ஒரே பொருள் மாதிரி சேர்த்துச் சொல்கிறோம், ஆனால் வேலை வேறு வேறு. அயானிக் என்பது பொத்தான், பட்டியல், தாவல், பக்கம் மாறும் அசைவு போன்ற திரைப் பாகங்களின் தொகுப்பு. கபாசிட்டர் என்பது கூடு: உங்கள் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒரு நேட்டிவ் (அந்தந்த இயங்குதளத்துக்கென்றே கட்டிய) செயலிக்குள் வைத்து வெப்வியூவில் ஓட்டி, கேமரா, கோப்பு, அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பாலம் போட்டுத் தருவது. 2013-இல் வந்த அயானிக் ஆங்குலர்ஜேஎஸ் என்ற பிரேம்வொர்க்கோடு ஒட்டிப் பிறந்தது. 2019 ஜனவரியில் வந்த 4-ஆம் பதிப்பில்தான் வெப் காம்போனென்ட்டுகளாக (உலாவியே நேராகப் புரிந்துகொள்ளும் திரைப் பாகங்களாக) மாறி எந்த பிரேம்வொர்க்கோடும் சேரக்கூடியதாக ஆனது. கபாசிட்டரின் 1.0 அதே ஆண்டு மே மாதம் வந்தது. உங்களிடம் ரியாக்டில் எழுதிய திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவை சின்னத் திரையில் ஒழுங்காகத் தெரிகின்றன என்றால் அயானிக் இல்லாமல் கபாசிட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பலருக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை. அயானிக்கைச் சேர்த்தால் அதன் ரவுட்டிங் (எந்த முகவரிக்கு எந்தத் திரை என்ற ஏற்பாடு), பக்க அடுக்கு எல்லாம் கூடவே வரும், பழைய திரைகளை அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும்.

சரி, வேகம். வெப்வியூ செயலி மெதுவாக இருக்கும் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. 2012-இல் ஃபேஸ்புக் தன் ஐஓஎஸ் செயலியை எச்டிஎம்எல்5-இலிருந்து நேட்டிவுக்கு மாற்றி எழுதியது. எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியது பெரிய தவறு என்று மார்க் ஜக்கர்பெர்க்கே வெளிப்படையாகச் சொன்னார். அன்றைக்கு அது உண்மைதான். ஐஓஎஸ்ஸில் அப்போது இருந்த யூஐவெப்வியூவுக்கு, சஃபாரிக்குக் கிடைத்த வேகமான ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் வெப்வியூ இயங்குதளத்தோடு ஒட்டியிருந்தது, போன் வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை. விரலால் தட்டினால் இரட்டைத் தட்டலா என்று பார்ப்பதற்காக 300 மில்லிசெகண்ட் காத்திருந்துவிட்டுத்தான் திரை அசையும். அந்தத் தாமதத்தை மறைக்க நாங்கள் தனி ஸ்கிரிப்ட் சேர்த்த காலம் அது. அப்புறம் 2014-இல் ஐஓஎஸ் 8-உடன் டபிள்யூகேவெப்வியூ வந்தது, ஆண்ட்ராய்டு 4.4-இல் வெப்வியூ குரோமியத்துக்கு மாறியது, 5.0 முதல் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாக அப்டேட் ஆகத் தொடங்கியது. இன்று ஜாவாஸ்கிரிப்ட் கணக்குப் போடும் வேகம் உங்கள் மாதிரிச் செயலிக்குப் பிரச்சினையாக இருக்காது. இதை உறுதியாகச் சொல்வேன்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வெப்வியூவில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தின் அமைப்பைக் கணக்கிடுவது, பெரும்பாலான வரைதல் எல்லாம் ஒரே திரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் ஓடும் ஒற்றைத் தடத்தில்) வரிசையில் நிற்கின்றன. நொடிக்கு 60 பிரேம் வர வேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். உங்கள் ரியாக்ட் கூறு ஒன்று பட்டியல் முழுவதையும் மறுபடி ரெண்டர் செய்ய (திரைக்குத் தயாரிக்க) 80 மில்லிசெகண்ட் எடுத்தால் ஐந்து பிரேம் போயிற்று, அதைப் பயனர் ஒரு வெட்டாக உணர்வார். மேசைக் கணினியில் இதே வேலை 10 மில்லிசெகண்டில் முடிந்துவிடும் என்பதால் எழுதும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் "அயானிக் வேகமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. உங்கள் கனமான திரை, உங்கள் பயனர்களிடம் இருப்பதிலேயே மட்டமான போனில் எப்படி ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் பதில் உண்டு.

ஆகவே மதிப்பீட்டை இப்படிச் செய்யுங்கள். பிரேம்வொர்க்கின் டெமோ செயலியை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் செயலியில் எந்தத் திரையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறதோ அதை மட்டும் எடுத்துக் கபாசிட்டருக்குள் போடுங்கள். உங்களுக்கு அது அனேகமாகப் பார்வையிட வேண்டிய இயந்திரங்களின் பட்டியலாகவோ, நாற்பது ஐம்பது புலங்கள் கொண்ட படிவமாகவோ இருக்கும். பட்டியலில் பத்து வரி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை, நிஜத்தில் 300 இருந்தால் 1,500 போடுங்கள். டெவலப்மென்ட் பில்டில் (எழுதும்போது ஓட்டிப் பார்க்கும் பதிப்பில்) அளக்காமல் வெளியீட்டுப் பில்டைப் போனில் நிறுவி அளங்கள். ரியாக்டின் டெவலப்மென்ட் பில்ட் எவ்வளவோ மெதுவானது, அதைப் பார்த்துப் பயந்து பிரேம்வொர்க்கையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2 ஜிபி அல்லது 3 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். போனைக் கணினியில் செருகி குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் பதிவு எடுத்தால் எந்தப் பணி எத்தனை மில்லிசெகண்ட் தின்கிறது என்று வரிவரியாகத் தெரியும். ஐஓஎஸ்ஸில் சஃபாரி வழியாக இதையே செய்யலாம், ஆனால் 16.4 முதல் வெப்வியூவில் ஆய்வுக்கு அனுமதி தரும் அமைப்பை வெளிப்படையாக இயக்கினால்தான் சஃபாரியின் பட்டியலில் உங்கள் செயலி தெரியும். இது தெரியாமல் ஒரு நாளைத் தொலைக்காதீர்கள்.

பட்டியல் வெட்டினால் உடனே வெப்வியூவைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு வந்த பத்துப் புகாரில் ஏழெட்டில் காரணம் படங்களாகத்தான் இருந்தது. 4000-க்கு 3000 பிக்சல் படம் கோப்பாக 3 எம்பிதான் இருக்கும், ஆனால் திரையில் காட்ட முழுதாக விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் 48 எம்பி. அதைச் சிஎஸ்எஸ்ஸில் 80 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் காட்டினாலும் நினைவகக் கணக்கு பெரிதாகக் குறைந்துவிடாது. பட்டியலில் இப்படி இருபது படம் இருந்தால் பழைய ஆண்ட்ராய்டு போன் திணறும். ஐபோனிலோ வெப்வியூவின் உள்ளடக்க புராசஸையே இயங்குதளம் கொன்றுவிடும், பயனருக்குத் தெரிவது வெறும் வெள்ளைத் திரை. சிறுபடங்களைத் தனியாக உண்டாக்கி வைப்பது, கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கும் விர்ச்சுவல் பட்டியலைப் பயன்படுத்துவது, இந்த இரண்டையும் செய்த பிறகும் வெட்டினால்தான் வெப்வியூ உங்களுக்கு ஒத்துவராது என்று சொல்ல முடியும்.

உங்கள் வேலையில் கேமராதான் உயிர்நாடி என்பதால் எனக்கு நடந்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் கட்டிய ஓர் ஆய்வுச் செயலியில், படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அதுவரை நிரப்பிய படிவம் காலியாகிவிடுகிறது என்று களத்திலிருந்து தொடர்ந்து புகார் வந்தது. எங்கள் மேசையில் ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. பயனர் தவறாக எதையோ அழுத்துகிறார் என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் நடந்தது இது: ஆண்ட்ராய்டில் நம் செயலி கேமராவைத் திறக்கும்போது கேமரா என்பது வேறொரு செயலி. நினைவகம் குறைவான போனில், அது திறந்திருக்கும் நேரத்தில் பின்னால் போன நம் செயலியை இயங்குதளம் மூடிவிடும். படம் எடுத்து முடித்ததும் நம் செயலி முதலிலிருந்து தொடங்கும். படிவத்தின் நிலை ரியாக்டின் நினைவில் மட்டும் இருந்ததால் எல்லாம் போயிற்று, எடுத்த படமும் போயிற்று. எங்கள் போன்களில் 6 ஜிபி, 8 ஜிபி ரேம் இருந்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில், பின்னால் போன செயல்பாட்டை உடனே அழித்துவிடச் சொல்லும் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கிவிட்டுக் கேமராவைத் திறந்தேன், முதல் முறையிலேயே படிவம் காலி.

திருத்தம் சிக்கலானது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புலம் மாறும்போதும் வரைவைச் சேமித்தோம், கேமராவைத் திறக்கும் முன் மறுபடி ஒருமுறை சேமித்தோம். செயலி இப்படி மீண்டு வந்தால் விட்டுப்போன படத்தின் முடிவைத் தருவதற்கென்றே கபாசிட்டரில் ஒரு நிகழ்வு இருக்கிறது, அதையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். இன்னொன்று, கேமரா பிளகினிடம் (நேட்டிவ் வசதியை ஜாவாஸ்கிரிப்டுக்குத் தரும் துணைத் தொகுப்பு) படத்தை பேஸ்64 எழுத்துகளாகக் கேட்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகள் அப்படித்தான் செய்கின்றன, உடனே திரையில் காட்ட எளிது என்பதால். அப்படிக் கேட்டால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்து, அத்தனையும் ஒரே நீண்ட சரமாகப் பாலத்தைக் கடந்து ஜாவாஸ்கிரிப்ட் நினைவில் வந்து உட்காரும். பத்துப் படம் எடுத்தால் செயலி படுத்துவிடும். கோப்பின் முகவரியை மட்டும் வாங்கி, கோப்பைச் செயலியின் சொந்தக் கோப்புறைக்கு நகர்த்தி, முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சோதனையில் ஒரு நாளை முழுதாக இதற்கே ஒதுக்குங்கள்: ஒரு படிவம், பதினைந்து படம், பழைய போன், அந்த டெவலப்பர் விருப்பம் இயக்கத்தில்.

படிவம் என்றதும் விசைப்பலகை நினைவுக்கு வருகிறது. நேட்டிவில் தானாக நடக்கும் பல விஷயங்கள் இங்கே நம் தலையில் விழும் என்பதற்கு இதுதான் நல்ல சான்று. கடைசிப் புலத்தைத் தொட்டால் விசைப்பலகை மேலே வந்து அதை மூடுகிறதா, உருண்டு மேலே வருகிறதா என்று இரண்டு இயங்குதளத்திலும் பாருங்கள். ஐஓஎஸ்ஸில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால் தொட்டவுடன் பக்கம் பெரிதாகிவிடும், காரணம் தெரியாதவர்கள் இதோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்த செயலிகளுக்குத் திரையின் விளிம்புவரை வரைவது கட்டாயமானபோது, வெப்வியூ செயலிகள் பலவற்றில் மேல்பட்டை, கடிகாரமும் பேட்டரியும் இருக்கும் பட்டைக்கு அடியில் போய் ஒளிந்தது. பாதுகாப்பான இடைவெளியைச் சொல்லும் சிஎஸ்எஸ் மதிப்பு பழைய ஆண்ட்ராய்டு வெப்வியூக்களில் சரியாக வராததால், நேட்டிவ் பக்கத்திலிருந்து அளவை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் அரை நாள் வேலைதான். ஆனால் ஆண்டுக்கு இப்படி மூன்று நான்கு வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பில்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது போகிறபோக்கில் சொல்லும் விஷயம் இல்லை. லோக்கல் ஸ்டோரேஜில் வேலைத் தரவை வைக்காதீர்கள். அளவு 5 எம்பி அளவில்தான் இருக்கும், போதாததற்குப் போனில் இடம் குறைந்தால் வெப்வியூவின் சேமிப்பை இயங்குதளம் துடைத்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று நிரப்பிய படிவம் அப்படிப் போனால் அந்த மனிதர் உங்கள் செயலியை மறுபடி நம்ப மாட்டார். எஸ்கியூலைட் பிளகின் வழியாக நேட்டிவ் தரவுத்தளத்தில் வையுங்கள். அதே போல, செயலி பின்னணிக்குப் போனதும் வெப்வியூவில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடும் அல்லது ஊர்ந்து போகும். ஐஓஎஸ் சில நொடிகளில் செயலியையே உறைய வைத்துவிடும். போனைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கும்போதே படங்கள் எல்லாம் மேலேறிவிட வேண்டும் என்றால், அந்த வேலையை நேட்டிவ் குறியீடுதான் செய்ய வேண்டும். அதற்கு நல்ல பிளகின் இருக்கிறதா, இல்லையென்றால் நீங்களே எழுதுவீர்களா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

அப்படித்தான் பிளகின்களுக்கு வருகிறோம். இந்த மதிப்பீட்டின் கனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. உங்கள் செயலிக்குத் தேவையான நேட்டிவ் வசதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்: கேமரா, கோப்பு, எஸ்கியூலைட், இருப்பிடம், அறிவிப்பு, பார்கோடு, பின்னணிப் பதிவேற்றம். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிளகின், அதை யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். கேமரா, கோப்பு, இருப்பிடம் மாதிரியானவற்றைக் கபாசிட்டர் குழுவே வைத்திருக்கிறது, அவற்றில் கவலை குறைவு. மற்றவை அனேகமாக ஒரு தனி ஆளின் மாலை நேர உழைப்பு. கிட்ஹப்பில் நட்சத்திரங்களை எண்ணாதீர்கள்; கபாசிட்டரின் பெரிய பதிப்புகள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று வருகின்றன, கடைசி இரண்டு பெரிய பதிப்புகள் வெளியானபோது அந்தப் பிளகின் எத்தனை நாளில் பின்தொடர்ந்தது என்று பாருங்கள். மூன்று நாளா, எட்டு மாதமா என்பதில் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், செயலிக் கடைகள் சும்மா இருக்க விடுவதில்லை. 2024 மே 1 முதல் ஆப்பிள், சில வகை ஏபிஐகளை (இயங்குதளத்தின் வசதிகளை அழைக்கும் வழிகளை) பயன்படுத்தும் செயலிகளும் அவற்றில் சேரும் பட்டியலிடப்பட்ட நூலகங்களும் காரணத்தை அறிவிக்க வேண்டும் என்றது. 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் அப்படிக் குறிவைப்பவை 16 கேபி நினைவகப் பக்க அளவையும் ஆதரிக்க வேண்டும் என்றார்கள். அதுவரை 4 கேபிதான் வழக்கம். இந்தக் கடைசி விதி உங்கள் ஜாவாஸ்கிரிப்டைத் தொடாது, ஆனால் பிளகினுக்குள் சி அல்லது சி++ நூலகம் ஒன்று இருந்தால் அதை மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். பராமரிப்பவர் காணாமல் போயிருந்தால் அந்த வேலை உங்களுடையது. ஆகவே இரண்டு பேரில் ஒருவராவது எக்ஸ்கோடையும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் (ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு செயலிகளைக் கட்டும் கருவிகள்) பயமில்லாமல் திறக்கப் பழக வேண்டும். அவற்றின் மொழிகளான ஸ்விஃப்ட் கொஞ்சம், காட்லின் கொஞ்சம் படித்தால் போதும், சின்னப் பிளகின் ஒன்றை ஒரு நாளில் எழுதிவிடலாம். கபாசிட்டரில் எனக்குப் பிடித்ததே இதுதான்: நேட்டிவ் திட்டக் கோப்புறைகள் உங்கள் களஞ்சியத்திலேயே இருக்கும், நேராகத் திறந்து கை வைக்கலாம். கோர்டோவாவில் ஒரு அமைப்புக் கோப்பிலிருந்து அவற்றை அடிக்கடி புதிதாக உண்டாக்குவோம், கையால் செய்த மாற்றம் அடுத்த பில்டில் காணாமல் போகும்.

"வெப் மட்டும் தெரிந்தால் போதும், நேட்டிவ் பக்கமே போக வேண்டாம்" என்று விளம்பரம் போல யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் மாதத்துக்கு அது உண்மை.

இனி இரண்டாவது கேள்வி, ஆயுள். வரலாறு தெரிந்தால் பயம் அளவோடு இருக்கும். ஃபோன்கேப்பை உருவாக்கிய நிடோபியை 2011-இல் அடோபி வாங்கியது, குறியீடு அப்பாச்சிக்குப் போய் கோர்டோவா ஆனது, 2020-இல் அடோபி ஃபோன்கேப்பை நிறுத்திவிட்டது. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. அதற்கு முன்பே அயானிக் 1-இல் எழுதியவர்கள் 2-ஆம் பதிப்புக்குப் போகத் திரைகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது, நானும் எழுதினேன். அயானிக் நிறுவனத்தை 2022-இல் அவுட்சிஸ்டம்ஸ் வாங்கியது. 2025 பிப்ரவரியில் அயானிக்கின் கட்டண சேவைகளைப் புதிதாக விற்பதில்லை என்று அறிவித்தார்கள், மேகத்தில் பில்ட் செய்து அப்டேட் அனுப்பும் ஆப்ஃபுளோவும் அதில் அடக்கம். இலவசத் திறமூலப் பகுதிகளான அயானிக் பிரேம்வொர்க்கும் கபாசிட்டரும் தொடர்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் எடுத்துக்கொண்ட பாடம் எளியது: கூட்டைச் சுற்றி விற்கப்படும் கட்டணச் சேவையில் உங்கள் வெளியீட்டு முறையைக் கட்டிப்போடாதீர்கள். பில்டை உங்கள் சொந்த ஸ்கிரிப்டில், உங்கள் சொந்த இயந்திரத்தில் ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருங்கள்.

கபாசிட்டர் ஐந்து வருடம் கழித்தும் நன்றாகப் பராமரிக்கப்படுமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது நின்றுபோனால் நீங்கள் எவ்வளவு இழப்பீர்கள் என்பதைக் கணக்குப் போடலாம், அந்தக் கணக்குதான் முக்கியம். உங்கள் திரைகள் ரியாக்ட், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். கூடு போனால் வேறு கூடு, மாற்ற வேண்டியது பிளகின் அழைப்புகள் மட்டும். 2014-இல் ஃபோன்கேப்பில் தொடங்கிய ஒரு செயலியை நான் கோர்டோவாவுக்கும் பின்னர் கபாசிட்டருக்கும் மாற்றியிருக்கிறேன். கடைசி மாற்றத்துக்கு ஆறு வாரம் ஆனது, திரைக் குறியீட்டில் பெரும்பகுதியைத் தொடவே இல்லை. அது சுலபமாக நடந்ததற்குக் காரணம், கேமரா, கோப்பு, இருப்பிடம் எல்லாவற்றையும் எங்கள் சொந்தச் சிறு அடுக்கு ஒன்றின் வழியாக மட்டும் அழைத்திருந்தோம். திரைகளுக்குள் பிளகின் பெயரே வராது. நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள், ஒரு மணி நேரக் கூடுதல் வேலைதான்.

ஃப்ளட்டர் நல்ல கருவி. 2018 டிசம்பரில் 1.0 வந்ததிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது, திரையைத் தானே வரைவதால் இரண்டு இயங்குதளத்திலும் ஒரே மாதிரி தெரியும், அசைவுகள் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் உங்கள் ரியாக்ட் திரைகளில் ஒரு வரிகூட அங்கே பயன்படாது, இணையச் செயலியையும் மொபைல் செயலியையும் இரண்டு மொழிகளில் இரண்டே பேர் பராமரிப்பீர்கள். ஒவ்வொரு படிவ மாற்றமும் இரண்டு முறை. ரியாக்ட் தெரியும் என்பதால் ரியாக்ட் நேட்டிவுக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். தரவைக் கையாளும் பகுதி கொஞ்சம் பயன்படும், திரைகள் பயன்படாது, ஏனென்றால் அங்கே எச்டிஎம்எல்லும் இல்லை, சிஎஸ்எஸ் கோப்பும் இல்லை. புதிதாகத் தொடங்கும் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு இவை இரண்டும் நல்ல தேர்வாக இருக்கக்கூடும். கேமராவின் நேரடிக் காட்சியைப் பிரேம் பிரேமாக அலச வேண்டும், வரைபடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் நகர வேண்டும், புளூடூத் கருவியோடு பின்னணியில் ஓயாமல் பேச வேண்டும் என்றால் நானே உங்களை வெப்வியூ பக்கம் வர விடமாட்டேன். நீங்கள் சொன்ன தேவைகளில் இவை எதுவும் இல்லை.

செயலிக் கடையில் இருந்தே ஆக வேண்டுமா என்றும் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பயனர்கள் உங்கள் வாடிக்கையாளரின் பணியாளர்கள் மட்டும் என்றால், முகப்புத் திரையில் சேர்க்கும் இணையச் செயலியாகவே விடலாம். ஐஓஎஸ் 16.4 முதல், அப்படிச் சேர்த்த செயலிகளுக்குப் புஷ் அறிவிப்பும் உண்டு. உங்களுக்கு அதில் இடறப்போவது சேமிப்பின் நம்பகமும் பின்னணிப் பதிவேற்றமும்தான், அதனால் கபாசிட்டர் வரை போவது நியாயம் என்றே நினைக்கிறேன். போகும்போது, உங்கள் தளத்தின் முகவரியை மட்டும் வெப்வியூவில் திறந்துவிட்டு அதைச் செயலி என்று அனுப்பாதீர்கள். வெறும் இணையதளத்தைப் பொட்டலம் கட்டியது போல இருந்தால் ஆப்பிள் தன் 4.2 விதியின்படி திருப்பி அனுப்பும். கோப்புகளைச் செயலிக்குள்ளேயே வையுங்கள், விமானப் பயன்முறையில் திறந்தாலும் முழுத் திரையும் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை மட்டும் பின்னர் தரவிறக்கிப் புதுப்பிக்கும் முறை திருத்தங்களுக்குச் சரி. மதிப்பாய்வில் காட்டிய நோக்கத்தையே மாற்றும் அளவுக்கு அதைப் பயன்படுத்தினால் விதி மீறல்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் என் தேர்வு: அயானிக் இல்லாமல் கபாசிட்டர் மட்டும், பக்கம் மாறும் அசைவுகள் சொரசொரப்பாகத் தெரிந்தால் பின்னர் அயானிக்கின் சில பாகங்கள். ஆனால் உங்கள் குறியீட்டை நான் பார்க்கவில்லை. ஒரு படிவத்தில் ஒரு புலம் மாறினால் ஐம்பதும் மறுபடி ரெண்டர் ஆகிற மாதிரி எழுதியிருந்தால் நான் சொன்ன வேகக் கணக்கு எல்லாம் மாறிவிடும். அதனால் முடிவுக்கு முன் அந்த மூன்று நாள் சோதனையைச் செய்துவிடுங்கள். 1,500 வரிப் பட்டியலின் பெர்ஃபார்மன்ஸ் பதிவில் 50 மில்லிசெகண்டுக்கு மேல் போகும் பணிகள் எத்தனை வந்தன, பதினைந்து படம் எடுத்த பிறகு படிவம் பிழைத்ததா, எந்தப் போனில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து இன்னும் திட்டவட்டமாகச் சொல்ல முடியும்.